கொடியை எரித்தவரும் அரசமைப்புச் சட்டமும்



நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1966 ஜூன் 6 அன்று நடந்த ஒரு சிறிய சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். சிட்னி ஸ்ட்ரீட் என்ற கறுப்பினத்தவர் பிற்பகலில் தம் வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டு வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்றவர் அவர். மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடைப்பயணம் போய்க்கொண்டிருந்த ஜேம்ஸ் மெரிடித்தை ஒருவன் மறைந்திருந்து சுட்டுவிட்டான் என்று செய்தி வந்தது. ஸ்ட்ரீட் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மடிப்புக் கலையாத ஒரு தேசியக் கொடி. தேசிய விழா நாள்களில் அவரே ஏற்றிவைத்து வந்த கொடி அது. அதில் 48 நட்சத்திரங்கள்தான். அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களாக ஆவதற்கு முந்திய காலத்துக் கொடி. மடித்தது மடித்தபடியே அதை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தார். எரியத் தொடங்கியதும் நடைபாதையில் போட்டார்.

காவலர் வந்து கேட்டபோது ஸ்ட்ரீட் எதையும் மறைக்கவில்லை. அது என் கொடிதான், நான்தான் எரித்தேன், மெரிடித்துக்கு இப்படி நடக்க விடுவார்கள் என்றால் நமக்கு அமெரிக்கக் கொடியே வேண்டாம் என்றார். நியூயார்க் மாநிலச் சட்டப்படி கொடியைச் சேதப்படுத்துவது மட்டுமல்ல, அதைப் பற்றி இழிவாகப் பேசுவதும் குற்றம். ஸ்ட்ரீட் குற்றவாளி என்று தீர்ப்பானது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1969-இல் முடிந்தது. ஐந்து நீதிபதிகள் தண்டனையை ரத்து செய்தார்கள், நான்கு பேர் எதிர்த்தார்கள். ஆனால் அந்த ஐந்து பேரும் கொடியை எரிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. பேசிய பேச்சுக்காகவும் அவர் தண்டிக்கப்பட்டிருக்கலாம், பேச்சுக்காகத் தண்டிக்க முடியாது, ஆகவே தண்டனை நிற்காது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். எதிர்த்த நால்வரில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் இருந்தார். ஹியூகோ பிளாக்கும் இருந்தார். இருவரும் குடிமை உரிமைகளின் காவலர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். பேச்சுரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றக் கூடாது என்ற அரசமைப்பின் முதல் திருத்தத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொள்ள வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் பிளாக். அவரே, கொடியை வேண்டுமென்று எரிப்பதைக் குற்றமாக்க அரசமைப்பில் தடை ஏதும் இல்லை என்று எழுதினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொடி என்று வந்துவிட்டால் கொள்கையில் உறுதியானவர்களுக்கும் மனம் ஒரு நொடி தடுமாறிவிடுகிறது. அதை நாம் மதித்தே இந்தப் பொருளைப் பேச வேண்டும்.

இதே நாட்டில் கொடியை எரிப்பது ஒரு முறையான சடங்காகவும் இருக்கிறது. 1942-இல் காங்கிரஸ் ஏற்ற கொடி நெறிமுறையின்படி, கந்தலாகி ஏற்றுவதற்குத் தகுதியற்றுப் போன கொடியைக் கண்ணியமான முறையில், முடிந்தால் எரித்து, அப்புறப்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 14 அங்கே கொடி நாள். முன்னாள் படைவீரர்களின் அமெரிக்கன் லீஜன் அமைப்பினர் அன்று பழைய கொடிகளைத் திரட்டி, வணக்கம் செலுத்தி, நெருப்பில் இடுகிறார்கள். துணியும் தீயும் மாறவில்லை. எரிக்கிறவர் நாட்டை என்ன நினைக்கிறார் என்பது ஒன்றுதான் மாறுகிறது. அதைக் கொண்டு ஒருவரை வணங்கி மற்றொருவரைச் சிறையில் அடைத்தால், தண்டிக்கப்படுவது நெருப்பு வைத்தது அல்ல. அவர் மனத்திலிருந்த கருத்து. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான வழக்குகளும் ஆட்களும்.

கொடியைக் காக்கும் சட்டங்கள் எங்கிருந்து தொடங்கின என்று பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். போராட்டக்காரர்களுக்கு முன்பே அவை வியாபாரிகளை நோக்கித்தான் பாய்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சரக்கு விளம்பரமெங்கும் கொடிப் படம். 1896 குடியரசுத் தலைவர் தேர்தலில் மெக்கின்லியின் கட்சி தேசியக் கொடியைத் தன் பிரசாரச் சின்னம்போலவே கையாண்டது. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட முதியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களின் சங்கங்கள் கொடுத்த அழுத்தத்தில் 1897-இல் இல்லினாய், பென்சில்வேனியா, தெற்கு டகோட்டா மாநிலங்கள் சட்டம் இயற்றின. 1932-க்குள் அன்றிருந்த 48 மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் வழக்கு, 1907-இல், நெப்ராஸ்காவில் கொடிப் படம் ஒட்டிய பீர் புட்டி பற்றியது. சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. பேச்சுரிமை என்ற வாதமே அந்த வழக்கில் எழவில்லை. புட்டிக்காக எழுதிய சட்டம் பின்னால் போர் எதிர்ப்பாளர்மீதும் கறுப்பினத்தவர்மீதும் திரும்பியது.

கொடியை எரிப்பதற்கு முன், கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த குழந்தைகளின் வழக்கு வந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் கலங்கவைக்கும் பகுதி அதுதான். 1935-இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊரில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் 10 வயதுத் தம்பியும் பள்ளியில் கொடி வணக்கம் செய்ய மறுத்தார்கள். கடவுளைத் தவிர வேறெதையும் வணங்குவது பாவம் என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1940-இல் உச்ச நீதிமன்றம், பெலிக்ஸ் பிராங்பர்ட்டர் எழுதிய தீர்ப்பில், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. நாட்டின் ஒற்றுமைதான் நாட்டின் பாதுகாப்பு, அதை வளர்க்கும் வழியைப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்யட்டும் என்பது வாதம். ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

ஐரோப்பாவில் பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த மாதம் அது. தீர்ப்பு வந்த சில நாள்களில் அமெரிக்காவின் பல ஊர்களில் யெகோவாவின் சாட்சிகள்மீது கும்பல்கள் பாய்ந்தன. மெய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களின் வழிபாட்டுக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். கொடியை வணங்காத குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னதை, அவர்களின் பெற்றோரை அடிக்கலாம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அன்றைய வணக்கத்தில் கையை முன்னால் நீட்ட வேண்டும். ஹிட்லருக்குச் செலுத்தும் வணக்கம்போல இருக்கிறது என்ற முணுமுணுப்பு எழுந்து, 1942 டிசம்பரில் காங்கிரஸ் அதை மாற்றிக் கையை நெஞ்சில் வைக்கச் சொன்னது.

மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே கவிழ்த்தது. நீதிபதிகள் பிளாக், டக்ளஸ், மர்பி மூவரும் 1942-இல் வேறொரு வழக்கில், அந்தத் தீர்ப்பு தவறாகத் தரப்பட்டது என்று இப்போது நம்புகிறோம் எனத் தாமாகவே எழுதினார்கள். அடுத்த ஆண்டு மேற்கு வர்ஜீனியாவிலிருந்து பார்னெட் வழக்கு வந்தது. தீர்ப்பு நாள் 1943 ஜூன் 14, அதாவது கொடி நாள். எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். பின்னாளில் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்கத் தரப்பில் வாதாடிய அதே ஜாக்சன். அரசியலிலோ தேசியத்திலோ மதத்திலோ இதுதான் சரியான கருத்து என்று வகுத்துக்கொடுக்கும் அதிகாரம் பெரியவர் சிறியவர் எந்த அதிகாரிக்கும் கிடையாது, அதை வாயாலோ செயலாலோ ஒப்புக்கொள்ளச் செய்யவும் முடியாது என்றார் அவர். நாடு உலகப் போரின் நடுவில் இருந்தபோது இதை எழுதினார் என்பதை மறக்கக் கூடாது. தேசபக்தியைக் கட்டாயப்படுத்தாவிட்டால் நாடு சிதறிவிடும் என்ற வாதத்துக்கு வலு அதிகமாக இருந்த நாள்களில், நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

இங்கே நம்மோடு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1985-இல் கேரளத்தில் அதே யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி நீக்கியது. 1986-இல் பிஜோ இமானுவேல் வழக்கில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். பார்னெட் தீர்ப்பு அவர் எடுத்துக்காட்டிய தீர்ப்புகளில் ஒன்று. ஆனால் கொடியை எரிப்பதில் நம் சட்டம் வேறு வழியில் போனது. 1955-இல் பெரியார் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தேசியக் கொடியை எரிக்கும் போராட்டம் அறிவித்து, காமராசர் அளித்த உறுதிமொழியின்பேரில் அதைத் தள்ளிவைத்தார். 1957-இல் அரசமைப்புச் சட்டத்தை எரிக்கும் போராட்டத்தை அவர் அறிவித்தபோது, சென்னைச் சட்டமன்றம் அவசரமாக ஒரு தேசிய அவமதிப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். 1971-இன் மத்தியச் சட்டம் இன்றும் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. எது சரி என்று தராசு பிடிக்க இன்று நேரமில்லை. சட்ட மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி முக்கிய வழக்குக்கு வருவோம். 1984 ஆகஸ்டில் டெக்சாஸின் டல்லஸ் நகரில் குடியரசுக் கட்சியின் மாநாடு நடந்தது. ரீகனை மறுபடி வேட்பாளராக்கும் மாநாடு. வெளியே எதிர்ப்பு ஊர்வலம். ஒருவர் ஒரு கட்டடத்தின் கம்பத்திலிருந்து கொடியை இறக்கி, கிரிகரி லீ ஜான்சன் என்ற இளம் கம்யூனிஸ்டிடம் கொடுத்தார். நகர மண்டபத்தின் முன் ஜான்சன் அதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். சுற்றி நின்றவர்கள் கோஷமிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை, ஒருவரையும் மிரட்டவில்லை. கூட்டம் கலைந்தபின் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எரிந்து மிஞ்சிய துணியைப் பொறுக்கியெடுத்துப் போய்த் தம் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். அவருடைய துயரம் உண்மையானது. ஜான்சனின் கோபமும் உண்மையானது.

டெக்சாஸ் நீதிமன்றம் ஜான்சனுக்கு ஓராண்டுச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதித்தது. அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள்: பார்க்கவோ பின்னர் அறியவோ கூடியவர்கள் மனம் கடுமையாகப் புண்படும் என்று தெரிந்தே கொடியைச் சேதப்படுத்துவது குற்றம். அப்படியானால் யாருக்கும் தெரியாமல் எரித்தால் குற்றமில்லை. பார்ப்பவர்கள் கைதட்டினாலும் குற்றமில்லை. குற்றம் துணியில் இல்லை. சொல்ல வந்த செய்தி மற்றவர் மனத்தைத் தைப்பதில்தான் இருக்கிறது. மற்றவர் மனத்தைத் தைக்கும் பேச்சைக் காக்கத்தானே பேச்சுரிமை? யாரையும் தொந்தரவு செய்யாத பேச்சுக்கு எந்தக் காவலும் தேவைப்படாது.

1989 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஜான்சன் பக்கம் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு. வில்லியம் பிரெனன் எழுதினார். மார்ஷல், பிளாக்மன், ஸ்காலியா, கென்னடி உடன் சேர்ந்தார்கள். ஒரு கருத்தைச் சமூகம் அருவருப்பாக நினைக்கிறது என்பதற்காக மட்டும் அரசு அதைத் தடை செய்ய முடியாது என்பது தீர்ப்பின் அடித்தளம். ஸ்காலியா அந்த அவையின் மிகப் பழமைவாத நீதிபதிகளில் ஒருவர். என் விருப்பப்படி விட்டால் கொடியை எரிப்பவர்களைச் சிறையில் போடுவேன், ஆனால் நான் மன்னன் அல்லவே என்று பல மேடைகளில் பின்னர் சொன்னார். கென்னடி தனியாகச் சில பத்திகள் எழுதினார். பிடிக்காத முடிவை எடுக்க வேண்டிய கட்டாயத்தின் வலி அதில் தெரியும். கொடியை இகழ்கிறவரையும் அந்தக் கொடியே காக்கிறது, அது வருத்தம் தந்தாலும் அடிப்படையானது என்று எழுதினார். நீதிபதிக்கு நான் வைக்கும் அளவுகோல் இது. தனக்குப் பிடித்தவரை விடுதலை செய்வது எளிது. இந்த இருவரும் தங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவரை விடுதலை செய்தார்கள்.

எதிர்த்தவர்களையும் குறைத்து எண்ணக் கூடாது. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் போர்க்களங்களையும் கவிதைகளையும் அடுக்கி, கொடி வெறும் கருத்துச் சின்னம் அல்ல என்று வாதாடினார். ஜான் பால் ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். பெரும்பாலும் பேச்சுரிமைப் பக்கம் நின்ற அவர் இதில் மாறுபட்டார். லிங்கன் நினைவுமண்டபத்தின் சுவரில் சாயத்தால் எழுத எவருக்கும் உரிமை இல்லை, கொடிக்கும் அதே பாதுகாப்பு ஏன் கூடாது என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் நினைவுமண்டபம் ஒன்றே ஒன்று, அது பொதுச்சொத்து. கொடி அப்படி அல்ல. ஸ்ட்ரீட் எரித்தது தம் இழுப்பறையிலிருந்த தம் கொடி. பிறர் கொடியைப் பிடுங்கி எரித்தால் திருட்டுச் சட்டம் இருக்கிறது, யாரும் அதைத் தடுக்கவில்லை.

தீர்ப்பு வந்ததும் நாடே கொதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காங்கிரஸ் புதிய கொடிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. இம்முறை, பிறர் மனம் புண்படுவது என்ற வாசகத்தை எடுத்துவிட்டார்கள். எரிப்பது, மிதிப்பது, தரையில் போட்டுவைப்பது எல்லாமே குற்றம். கந்தலான கொடியை முறையாக அப்புறப்படுத்துவதற்கு மட்டும் விலக்கு. தரையில் போட்டுவைப்பது எங்கிருந்து வந்தது? அவ்வாண்டு தொடக்கத்தில் சிகாகோ கலைக்கழகத்தில் டிரெட் ஸ்காட் என்ற கறுப்பின மாணவர் ஒரு கலைப்படைப்பை வைத்திருந்தார். சுவரில் ஒரு குறிப்பேடு, அதன் கீழே தரையில் விரித்த கொடி. குறிப்பேட்டில் எழுத வருகிறவர் கொடியை மிதிப்பதா வேண்டாமா என்று தாமே முடிவு செய்ய வேண்டும். அந்த ஒரு படைப்புக்காக ஒரு நாட்டின் சட்டத்தில் ஒரு வாசகம் ஏறியது. புதிய சட்டத்தைச் சோதிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் கொடி எரித்தவர்களில் ஸ்காட்டும் ஒருவர். 1990 ஜூன் 11 அன்று ஐக்மன் வழக்கில் அதே ஐவர், அதே நால்வர்; சட்டம் செல்லாது. காரணமும் நாம் முன்பு பார்த்ததே: மரியாதையோடு எரித்தால் விலக்கு, எதிர்ப்போடு எரித்தால் குற்றம் என்னும்போது அரசு பார்ப்பது கருத்தைத்தான்.

அடுத்து அரசமைப்பையே திருத்த முயன்றார்கள். கொடியை அவமதிப்பதைத் தடை செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு என்ற ஒரே வாக்கியம். 1995 முதல் 2005 வரை பிரதிநிதிகள் சபை இதை ஆறு முறை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து நிறைவேற்றியது. ஐம்பது மாநிலச் சட்டமன்றங்களும் திருத்தம் வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தன. 2006 ஜூன் 27 அன்று செனட்டில் வாக்கெடுப்பு: ஆதரவு 66, எதிர்ப்பு 34. ஒரே ஒரு வாக்கு குறைந்தது. எதிர்த்தவர்களில் ஹவாயின் டேனியல் இனூயே இருந்தார். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1945-இல் இத்தாலியப் போர்முனையில் வலக்கையை இழந்தவர். நாட்டின் உயரிய வீரப் பதக்கம் பெற்றவர். கொடியின் பேரால் பேசும் உரிமை அவரைவிட யாருக்கு அதிகம்? அவர் கொடி எரிப்பை வெறுத்தார், திருத்தத்துக்கு எதிராகவே வாக்களித்தார். முப்படைத் தளபதிகளின் கூட்டுக் குழுத் தலைவராக இருந்த கோலின் பவலும், சில அற்பர்களை அடிப்பதற்காக அரசமைப்பைத் திருத்தக் கூடாது என்று முன்னரே கடிதம் எழுதியிருந்தார்.

நுட்பமான ஒரு மறுப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சிலுவையை எரிப்பதைத் தடை செய்யலாம் என்றால் கொடியை ஏன் முடியாது? வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் கறுப்பினத்தவர் வீட்டு முன் சிலுவையை எரித்தால் அடுத்தது உங்கள் உயிர் என்று பொருள். 2003-இல் வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம், அச்சுறுத்தும் நோக்கத்தோடு சிலுவையை எரிப்பதைத் தண்டிக்கலாம் என்றது. ஆனால் கிளான் தன் பொதுக்கூட்டத்தில் சிலுவையை எரித்ததற்காக மட்டும் தண்டிக்க முடியாது என்றும் சொன்னது. கேட்கவே கசப்பான கோடு இது. குறிப்பிட்ட ஒரு குடும்பத்தை நடுங்கவைக்கும் செயல் ஒன்று. ஒரு நாட்டை, ஓர் அரசைத் திட்டும் செயல் வேறொன்று. குடும்பத்துக்குக் காவல் வேண்டும். தன்னைத் திட்டியவனிடமிருந்து காவல் கேட்கும் அரசு, அதே திட்டு தன் எதிரிமேல் விழுந்தால் கேட்காது. 1992-இல் ஸ்காலியாவே சிலுவை எரிப்பு உள்ளிட்டவற்றைக் குற்றமாக்கிய மினசோட்டாவின் செயின்ட் பால் நகர விதியை ரத்து செய்தபோது இதைத் தெளிவாக்கினார்: தண்டிக்கத்தக்க பேச்சு வகைக்குள்ளும், தனக்குப் பிடிக்காத கருத்தை மட்டும் அரசு பொறுக்கியெடுத்துத் தண்டிக்க முடியாது.

இந்த வாக்கியம் இன்று மிகவும் தேவைப்படுகிறது. 2025 ஆகஸ்ட் 25 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் கொடி எரிப்பை வழக்காக்கும்படி ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். எரிப்பவருக்கு ஓராண்டுச் சிறை என்று வாயால் சொன்னார்; ஆணையின் வாசகத்தில் அப்படி ஒரு தண்டனை இல்லை, இருக்கவும் முடியாது. ஜான்சன் தீர்ப்பை ஆணை நேராக மறுக்கவில்லை. திறந்த வெளியில் தீ வைத்தல், சொத்துச் சேதம் போன்ற, கருத்தோடு தொடர்பில்லாத வேறு சட்டங்களைக் கொண்டு கொடி எரிப்பவர்கள்மீது முன்னுரிமை தந்து வழக்குப் போடுங்கள் என்கிறது. வெளிநாட்டவர் என்றால் விசாவை ரத்து செய்யுங்கள் என்கிறது. படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

அன்று மாலையே முன்னாள் படைவீரர் ஒருவர் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லாபயெட் பூங்காவில் கொடியை எரித்துக் கைதானார். குற்றச்சாட்டில் கொடி இல்லை. அனுமதிக்கப்படாத இடத்தில் தீ மூட்டியது பற்றியே அது பேசியது. பூங்காவில் தீ மூட்டக் கூடாது என்ற விதி நல்ல விதிதான், எல்லோரையும் கட்டுப்படுத்துவதுதான். ஆனால் ஆணை சொல்வது கொடி எரிப்பவர்களைத் தேடிப் பிடித்து அந்த விதியைப் போடு என்று. அதே பூங்காவில் வேறொருவர் பழைய செய்தித்தாளைக் கொளுத்தியிருந்தால் கைதாகியிருப்பாரா என்பதை இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிபதி கேட்டாக வேண்டும். 1989-இல் தீர்ப்பளித்த ஒன்பது பேரில் ஒருவர்கூட இன்று அந்த நீதிமன்றத்தில் இல்லை. கேள்வி இனி புதிய ஒன்பது பேர் கையில்.